இன்னும் வரலை

வண்டி உரிமையாளர்களின் கூட்டம் நடந்த சனிக்கிழமை காலையில் அந்தக் கோரிக்கைக்கு வயது இருநூற்றுப் பதினொரு நாள். திரையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதற்குள் நாள்கணக்கு ஓடும். கொஞ்சம் தாமதமானால் கட்டம் மஞ்சளாகும், ரொம்பத் தாமதமானால் சிவப்பாகும். அதற்கு மேல் நிறம் இல்லை. நிறம் தீர்ந்துபோன பிறகும் தினமும் காலையில் அந்த எண் ஒன்று கூடியிருக்கும்.

அவள் கார் கம்பெனியின் உதிரிபாகப் பிரிவில் போன் எடுப்பவள். இயற்பியல் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவள். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கென்று தனியாக ஒரு மேசை இருந்தது. அதிலும் பழைய மாடல் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கூப்பிடுவார்கள். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி ஆறு வருடம் ஆகிவிட்டது. வைத்திருப்பவர்கள் விடுவதாக இல்லை.

கோரிக்கை ஒரு அம்மாளுடையது. தேனீ வளர்ப்பவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் தேன்பெட்டி அம்மா. அடிவாரத்தில் பூ முடியும்போது பெட்டிகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். மேட்டில் முடிந்ததும் இறக்க வேண்டும். பாதை செங்குத்து, முழுக்கக் கல். லோ கியரில் ஊர்ந்து போனால்தான் பெட்டிக்குள் தேனடை உடையாமல் இருக்கும். அவர் வண்டியில் லோ கியர் விழவில்லை.

வழக்கமான கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இந்த வண்டிகளில் இன்னொரு பெட்டி இருக்கும். விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதற்குள் இரண்டு விரல் போலப் பிரிந்த ஒரு அலுமினியத் துண்டு, பல்சக்கரத்தை லோ கியருக்குத் தள்ளும். அதில் ஒரு விரல் முறிந்துவிட்டது. அலுவலகத்தில் அதற்கு ஷிஃப்ட் ஃபோர்க் என்று பெயர். தேன்பெட்டி அம்மா அதைக் கவட்டை என்பார்.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து அவள் நாற்காலியில் உட்காரும்போது போன் வரும்.

"கவட்டை வந்துச்சா பாப்பா?"

"இன்னும் வரலைம்மா."

"சரி, வரும்போது வரட்டும். நீ சாப்பிட்டியா?"

அதற்குப் பிறகு பேச்சு கவட்டையைப் பற்றி இருக்காது. ஒரு பெட்டியில் ராணி ஈ செத்துப்போனது. ஒரு கூட்டம் பெட்டியை விட்டுக் கிளம்பிப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குடியேறி, பிள்ளைகளுக்கு அரை நாள் லீவு வாங்கிக் கொடுத்தது. அதன் பிறகு பிள்ளைகள் அவரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அடுத்தது எப்போது என்று கேட்டார்களாம். பேச்சு நீண்டால் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் துடிக்கும். அவள் அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவைத்திருந்தாள். தொண்டை கட்டியிருந்தால் அந்த அம்மாள் கண்டுபிடித்துவிடுவார். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு மின்விசிறிக்குக் கீழே படுத்தாயா என்று கேட்பார். அவள் அப்படித்தான் படுத்திருப்பாள்.

வேறு யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. வாடகை அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. கூட இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளுடைய மெத்தை சுருட்டிக் கட்டியபடி மற்றக் கட்டிலில் கிடந்தது. வீட்டுக்காரர் வேறு ஆள் வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எப்போதாவது கூப்பிடுவாள், குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவள் அறையில் தனியாக ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பாள், குரல் இருக்கிறதா என்று. பெரும்பாலும் 'ஹலோ' என்றுதான் வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளர் அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். வண்டி நிறுத்தப்பட்ட பிறகும் பத்து வருடத்துக்கு உதிரிபாகம் கொடுப்போம் என்று கம்பெனி விற்கும்போது வாக்குக் கொடுத்திருக்கிறது.

"அதனால வரலைன்னு சொல்லலாம்மா, வராதுன்னு சொல்லக் கூடாது. வரலைன்னா தாமதம். வராதுன்னா வழக்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கெட்டவர் இல்லை. அவரும் பல வருடம் அதே மேசையில் உட்கார்ந்து போன் எடுத்தவர்.

தேன்பெட்டி அம்மாளின் கோரிக்கை பதிவான இரண்டாவது மாதம், மழை தொடங்குவதற்கு முன், அவள் தானாகவே கொள்முதல் பிரிவுக்கு நடந்துபோய்க் கேட்டாள். அங்கே இருந்தவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அது ஊறி விழுந்துவிடாமல் வாயில் போட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"ஃபோர்க்கா? அதை வார்த்துக் கொடுத்த பட்டறையே மூடியாச்சு. அச்சை எடைக்குப் போட்டுட்டாங்க. இனிமே ஃபோர்க்கும் இல்ல, ஸ்பூனும் இல்ல."

அவர் சிரித்ததால் அவளும் சிரித்தாள்.

அந்த வியாழக்கிழமை என்ன சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருந்தாள். வராது என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு வழியும் பார்த்து வையுங்கள் என்று சொல்லலாம். விதியில் அதற்குத் தடை இல்லை. போன் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் சொன்னார்: "உன்கிட்ட பேசினா பாதி வேலை முடிஞ்ச மாதிரி பாப்பா."

அவள் வழக்கம்போல இன்னும் வரலை என்றாள்.

வரலை என்பது பொய் இல்லை. வரவில்லைதான். பொய் முழுவதும் 'இன்னும்' என்ற சொல்லில் இருந்தது. விதிக்காகத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று சில நாள் நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு நிற்கவில்லை. பாகம் கிடையாது என்று தெரிந்தால் கோரிக்கையை மூட வேண்டும். மூடினால் அந்த எண் நின்றுவிடும். எண் நின்றால் வியாழக்கிழமை மதியம் போன் வர ஒரு காரணமும் இருக்காது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மழைக்குப் பிறகு பெட்டிகளை மேட்டுக்கு ஏற்றும் நேரம் வந்தது. தேன்பெட்டி அம்மா டிராக்டர் பிடித்து ஏற்றினார். வழியெல்லாம் குலுங்கி அடைகள் உடைந்தன, தேனில் முங்கியே பாதி ஈ செத்தது என்றார். மூன்றில் ஒரு பங்கு பெட்டி போயிற்று. மெக்கானிக், பழைய வண்டி ஏதாவது உடைப்புக்கு வந்தால் கவட்டை இருக்கும் பெட்டியை முழுசாக வாங்கி மாட்டிவிடலாம் என்றாராம்.

"நான் வேண்டாம்னுட்டேன். கம்பெனிப் பொண்ணு வரும்னு சொல்லியிருக்கு, எதுக்குப் பழசுன்னுட்டேன்."

அவள் ஒருநாளும் வரும் என்று சொன்னதில்லை. அதைத் திருத்தவும் இல்லை.

கூட்டம் தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. உதிரிபாகங்களையும் துணைப் பொருள்களையும் பற்றி உரிமையாளர்களோடு கம்பெனி நேரடியாகப் பேசுகிறது என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். மேடையில் புது மாடல் ஒன்று போர்வை போர்த்தி நின்றது. மேசையில் கதவுக் கைப்பிடிக்குப் போடும் குரோம் மூடி, நிறம் மாறும் உள்விளக்கு, வாசனைக் குப்பி, கம்பெனி முத்திரை போட்ட குடை. அவளுக்குக் கொடுத்த வேலை, கேள்வி கேட்பவரிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது. நீ ஒன்றும் பேச வேண்டாம் என்று மேலாளர் சொன்னபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மேலாளர் துணைப் பொருள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். முதல் வரிசையில் ஒருவர் மைக்கை வாங்கினார்.

"கதவுக்குக் குரோம் வேண்டாம் சார். கதவு மூடினாப் போதும்."

கூடம் சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் மேசையைப் பார்க்கவில்லை. ஒருவருக்குக் கதவு ரப்பர் வேண்டும். ஒருவருக்கு என்ஜினுக்கு அடியில் போடும் தகடு வேண்டும், போன முறை வாங்கியது முதல் பாறையிலேயே தகர டப்பா மாதிரி மடங்கிவிட்டது. இன்னொருவர், மழையில் வண்டிக்கு அடியில் நான் படுத்திருக்கும்போது இந்தக் குடையை யார் பிடிப்பது, அந்த ஆளையும் கம்பெனியே தருமா என்று கேட்டார். மேலாளர் எல்லாவற்றுக்கும் பரிசீலனையில் இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் 'பரி' என்றதுமே கூடம் மிச்சத்தைச் சொல்லி முடித்தது.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவள் மைக்கை எடுத்துக்கொண்டு போனாள். குட்டையான, ஐம்பது தாண்டிய ஒரு அம்மாள். முன்கை இரண்டும் பாரம் தூக்குகிறவரின் கைகள்.

"பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கோங்கம்மா" என்றாள்.

அந்த அம்மாள் மைக்கை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீதானா பாப்பா?"

பட்டனை அவள் அமுக்கித்தான் பிடித்திருந்தாள். கூடம் முழுக்கக் கேட்டது. அவள் உயரமான ஒருத்தரை நினைத்து வைத்திருந்தாள். இந்தக் குரல் இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வரும் என்று தோன்றியதே இல்லை. தலையை ஆட்டினாள். அவர் கையை விடவில்லை. பிடித்துக்கொண்டே எழுந்து நின்று பேசினார். புகார் எதுவும் சொல்லவில்லை. இந்தப் பெண் மாதிரி பொறுமையாகப் பதில் சொல்கிறவளை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். இன்னும் இரண்டு வாரத்தில் அடிவாரத்தில் பூ முடிந்துவிடும், இந்த முறையும் டிராக்டரில் ஏற்றினால் தொழிலே மிஞ்சாது, கவட்டையைக் கொஞ்சம் சீக்கிரம் பார்த்து விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மேலாளர் வரிசையில் இருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் பார்வை அவள் மேல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. கூடம் அவளுக்காகக் கைதட்டியது.

அடுத்து மைக்கை வாங்கியவரைக் கிரேன் என்று கூப்பிட்டார்கள். ஆள் குச்சி மாதிரி இருந்தார். சேற்றில் மாட்டிய எல்லோருடைய வண்டியையும் இழுத்துக் கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவருடைய மச்சானின் வண்டி, இதே பழைய மாடல், பள்ளத்தில் இறங்கிவிட்டது. மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டி போயிற்று. ஆனால் அந்தப் பின்பெட்டி, லோ கியர் கவட்டையோடு, புதுசு மாதிரி இருக்கிறது. கழற்றித் தன் வண்டியில் கொண்டுவந்திருக்கிறார். விலை வேண்டாம், யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளலாம். தேன்பெட்டி அம்மாவுக்குத்தான் முதல் உரிமை என்றார்.

தேன்பெட்டி அம்மா கையை ஆட்டி மறுத்தார். எனக்குப் புதுசே வருது, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்றார்.

உடனே ஒரு பல் டாக்டர் எழுந்தார். கூடம் இன்னொரு முறை சிரித்தது. டாக்டர் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. பிற்பாடு தேவைப்படும் என்று சேர்த்து வைப்பவர். அவர் வீட்டு ஹாலில் ஏற்கெனவே இரண்டு பெட்டி இருப்பதாகவும், ஒன்றின் மேல் அவர் மனைவி பூத்தொட்டி வைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். பூத்தொட்டி வைத்ததால்தான் அது கணக்கில் வராது, அதனால் ஒன்று குறைகிறது என்றார் டாக்டர்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். சொல்ல வேண்டும் என்றால் இப்போது சொல்ல வேண்டும். மேலாளர் அடுத்த பொருளைத் தூக்கிக் காட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் தேன்பெட்டி அம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். போனில் சொன்னதைவிட இளைத்துப் போயிருக்கிறாய் என்றார். அவள் எப்போது போனில் தன் உடம்பைப் பற்றிச் சொன்னாள் என்று யோசித்தாள். ஆனாலும் பிடித்திருந்தது. இங்கேயே, தட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். யார் காதிலும் விழாது.

"அம்மா" என்றாள்.

அந்த அம்மாளின் போன் அடித்தது. பஸ் டிரைவரின் மனைவி. அவர் பையனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துவிட்டு வைத்தார். வைத்ததும் இன்னொன்று. பள்ளிக்கூடத்துக் காவலாளி. அடுத்தது யாரோ வங்கியில் வேலை பார்க்கிற பெண்.

"சாப்பிட்டியா பாப்பா? ஏன் தொண்டை கட்டியிருக்கு?" என்று அந்த அம்மாள் போனில் அந்தப் பெண்ணிடம் கேட்டார். கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினார். வைக்கும்போது சொன்னார்: "உன்கிட்ட பேசினா பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

அவள் கை தட்டிலேயே நின்றது.

அந்த வாக்கியத்தை அவள் பல மாதங்களாக வைத்திருந்தாள். பஸ்ஸில், அறையில், சுருட்டி வைத்த மெத்தைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது எடுத்துப் பார்ப்பாள். அது எல்லோருக்கும் சொல்வது. அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருத்தரிடமும் நிஜமாகவே சொல்கிறார். அவருக்கு ஒரு வாரம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அதில் வியாழக்கிழமை மதியம் ஒன்று. எதற்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ அது, அவள் நினைத்த இடத்தில், ஒருநாளும் இருக்கவில்லை.

"என்னமோ கேக்க வந்தியே" என்றார் தேன்பெட்டி அம்மா.

ஒன்றுமில்லை என்றாள். தட்டைக் கழுவப் போனாள். குழாயில் தண்ணீர் கை மேல் ஓடிக்கொண்டே இருந்தது. கோபம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு போகட்டும். மேலாளர் கற்றுக் கொடுத்தபடி அவள் தன் வேலையைப் பார்க்கட்டும். இத்தனை பேர் வைத்திருப்பவர், கவட்டையையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும். இப்படி நினைத்து முடித்ததும் தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை. குழாயை மூடினாள். கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. கிரேனின் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. சாக்கில் சுற்றிய பெட்டியை அவரும் டாக்டரும் இழுத்து விளிம்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல கனம். டாக்டரின் வண்டி பின்பக்கமாக வந்து ஒட்டி நின்றது. அதற்குள் விரிக்க டாக்டர் பழைய போர்வைகூடக் கொண்டுவந்திருந்தார். மேலாளர் படியில் நின்று ஒவ்வொருவருக்கும் ஒரு குடை கொடுத்து வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

"கடைசியா கேக்கறேன்" என்றார் கிரேன். "டாக்டர் வீட்டுக்குள்ள போச்சுன்னா அப்புறம் அது தொட்டிதான்."

தேன்பெட்டி அம்மா சிரித்தார். அவர் நன்றாக இருக்கட்டும், கொடுங்கள் என்றார். கையில் இருந்த குடையைத் தரையில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தானும் பெட்டியின் ஒரு மூலைக்குக் கை கொடுத்தார். டாக்டர் தடுமாறினார். சாக்கு ஒரு பக்கம் சரிந்து உள்ளிருந்து அலுமினியம் வெயிலில் பளிச்சென்றது. அந்த அம்மாள் அடியில் கையைக் கொடுத்துத் தாங்கினார்.

"ஆட்டாம தூக்குங்க. உள்ள அடை உடைஞ்சிடும்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கிரேன் சிரித்த சிரிப்பில் பெட்டி இறங்கி விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள். முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாள் மறுபடி குனிந்து தன் மூலையைப் பிடித்தார்.

தான் நடந்துபோனதை அவள் கவனிக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றாள். பெட்டியின் மேல் கையை வைத்தாள். சூடாக இருந்தது.

"இதை அங்க ஏத்தாதீங்கம்மா."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். படியில் மேலாளர் குடையை நீட்டிய கையோடு நின்றார்.

"ஏன் பாப்பா?"

"உங்களுக்குத்தான் இது வேணும்."

"எனக்குத்தான் வருதே. நீதானே சொன்ன?"

"வராதும்மா. அதைச் செய்யற ஆளும் இல்ல, அச்சும் இல்ல. எனக்கு மழைக்கு முன்னாடியே தெரியும்."